பதினேழாம் கட்டம்

தங்கம் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் தோற்பது ஒரே காரணத்தால்தான், சார்ஜென்ட். வேகமாக நடக்கிறார்கள். போன கோடையில் உங்கள் மனைவி உங்களுக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கித் தந்ததாகச் சொன்னீர்கள். அப்போதே இதைச் சொல்லியிருப்பேன், நீங்கள் அவசரத்தில் இருந்தீர்கள்.

டிடெக்டரின் தட்டு தரையை ஒட்டியே இருக்க வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்ட வேண்டும், ஆணியாக இருந்தாலும் ஈயக் குண்டாக இருந்தாலும் சரி. இது ஆணிதான் என்று தோண்டாமலே முடிவு செய்கிறவனுக்குத் தங்கம் கிடைக்காது. நான் முப்பத்தொரு வருடம் நில அளவைக்காரனாக இருந்தவன். ஒரு நிலத்தை நான் பார்த்து முடித்துவிட்டேன் என்றால் முடித்துவிட்டேன் என்று அர்த்தம்.

மெர்வ் நான்கெர்விஸ் இதற்கு நேர் எதிர். பள்ளிப் பேருந்து ஓட்டியவன், ஓரிடத்தில் நிற்க மாட்டான். வாரம் இரண்டு நாள் என்று பன்னிரண்டு வருடம் ஒன்றாகப் போனோம். மதியத்தில் அயர்ன்பார்க் மர நிழலில் உட்கார்ந்து அவன் மனைவி நோலா கட்டித் தந்த ஆட்டிறைச்சி சாண்ட்விச்சைத் தின்போம். "யோவ் சர்வேயரு, நீ தங்கம் தேடுறியா, இல்ல தரைக்கு இஸ்திரி போடுறியா?" என்பான். என் மனைவி இறந்த பிறகு என்னிடம் தினமும் பேசிய ஒரே ஆள் அவன்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு வருடம் எனக்கு நல்ல காலம். போகும்போதெல்லாம் ஏதாவது அகப்பட்டது. கோதுமை அளவு, பட்டாணி அளவு, ஒருமுறை சுண்டுவிரல் நகம் அளவு. தங்கம் தேடுகிறவர்கள் கிளப்பில் என்னை எழுந்து நின்று பேசச் சொன்னார்கள், என் முறையை விளக்கச் சொன்னார்கள். மெர்வ் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட அதிகமாகக் கை தட்டினான்.

பிப்ரவரி மாதம் முழங்கால் வலி என்று வாரம் ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டான். நானும் நம்பினேன். மார்ச் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பேக்கரி வரிசையில் எனக்கு முன்னால் நோலா நின்றாள்.

"பாத்தீங்கல்ல ஆல்வின், மெர்வுக்குக் கெடச்சத? பன்னு அளவு இருந்துதே."

என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ரொட்டி வாங்காமலே போய்விட்டாள்.

ஒரு மனிதன் வாழ்நாளில் ஒருமுறை காணும் கட்டியைக் கண்டிருக்கிறான். அதை என்னிடம் சொல்லவில்லை. இரண்டு நாள் நான் கோபப்படாமல் காத்திருந்தேன். அவனே வந்து சொல்வான் என்று நினைத்தேன். தேநீர்க் கோப்பைகள் இரண்டை வெளியே எடுத்து வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நோலா போன் செய்து, அவன் வீடு திரும்பவில்லை என்றாள்.

மற்றது உங்களுக்கே தெரியும். அவனுடைய வண்டி காட்டுப்பாதை ஓரத்தில் நின்றது. விடிந்ததும் நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள், நான் வரைபடம் போட்டேன். இருபத்துநான்கு கட்டங்கள். பழைய சுரங்கக் குழிகள் இருப்பதால் இருவர் இருவராகப் போகச் சொன்னீர்கள். ஆட்கள் ஒற்றைப்படையில் வந்ததால் நான் தனியாகப் போனேன். பதினேழாம் கட்டத்தை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டதாக நினைக்கிறீர்கள். இல்லை. அதில் இருந்தது டின்பாட் பள்ளம். நான் மூன்று முறை பார்த்து, ஒன்றுமில்லை என்று கிளப் குறிப்பேட்டில் எழுதிய பள்ளம். மெர்வ் அங்கே போயிருக்கவே மாட்டான் என்றுதான் அதை எடுத்தேன். என் முழங்காலும் வலித்தது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பள்ளத்தின் நடுவில் தோண்டி மூடிய சின்னக் குழிகளைப் பார்த்தேன். மேலே குதிகாலால் இரண்டு மிதி. மெர்வ் அப்படித்தான் மூடுவான். அந்தத் தடத்தின் கடைசியில் ஒரு சுரங்கக் குழி, வாய் புதிதாகச் சரிந்திருந்தது.

"யாரு மேல?" என்று குரல் வந்தது.

"நான்தான்."

"ஆல்வினா? அப்பாடா. காலு ஒடஞ்சுபோச்சுடா. ஓரத்துல நிக்காத, மண்ணு சரியுது. நீயும் விழுந்து தொலச்சுடாத."

நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். முப்பது அடி ஆழம் இருக்கும். அவன் முகம் தெரியவில்லை.

"அந்தக் கட்டி எங்க கெடச்சுது மெர்வ்?"

"நோலா சொல்லிட்டாளா?"

"எங்க?"

"இங்கதான். சாஞ்ச மரத்துக்கிட்ட. ரெண்டடி ஆழம், சத்தம் ரொம்ப மெல்லிசு."

"இந்தப் பள்ளத்த நான் மூணு தடவ பாத்தேன்."

"தெரியும்டா. அதனாலதான் சொல்லல. கிளப்புல எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன், உன்கிட்ட வாயத் தெறக்கக் கூடாதுன்னு. ரெக் மட்டும் சிரிச்சான், அவன அடிக்கவே போயிட்டேன்." மூச்சு வாங்கினான். "உனக்கு மெல்லிசுச் சத்தம் கேக்கறதில்ல ஆல்வின். ரெண்டு வருஷமாச்சு. நான் பின்னாலயே வருவேன், நீ விட்டதெல்லாம் எடுப்பேன். மறுவாட்டி போறப்ப உனக்கு முன்னால மேலாக்கப் போட்டு வைப்பேன். நீ எடுத்துட்டுச் சின்னப் புள்ள மாதிரி நிப்ப. அதப் பாக்க எனக்கு நல்லாருக்கும். அந்தப் பெருசயும் போட்ருப்பேன்டா. மனசு வரல, ஆசை. தப்புதான். போய்க் கயித்தக் கொண்டாரச் சொல்லு."

அவன் வேறு இடத்தைச் சொல்லியிருந்தால் கயிறு கொண்டு வந்திருப்பேன். அடுத்தவன் நிலத்தில் திருடினேன் என்றிருந்தாலும் கொண்டு வந்திருப்பேன். திருட்டை மன்னிக்கலாம். இரண்டு வருடம் ஊர் முழுக்க என்னைப் பார்த்துக் கை தட்டியிருக்கிறது.

என் இடுப்பிலிருந்த தண்ணீர்க் குப்பியைக் கழற்றி, துணியில் சுற்றி, உள்ளே போட்டேன். "ஆளக் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"சீக்கிரம் வாடா."

தேடுகிறவர்கள் கூடிய இடத்துக்குத் திரும்பி வந்தபோது நோலா மேசைக்குப் பின்னால் நின்று எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தேன். வரைபடத்தில் பதினேழாம் கட்டத்தைப் பச்சை மையால் நிரப்பி, 'மூன்று சுரங்கக் குழிகள், மூன்றும் பார்த்தாயிற்று' என்று எழுதினேன். நீங்கள் அருகில்தான் நின்றீர்கள். ஓடைக்கு வடக்கே போக மெர்வுக்கு ஆசை என்று உங்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை, ஒரு காலத்தில் அவனுக்கு அந்த ஆசை இருந்தது. எல்லோரையும் வடக்கே அனுப்பினீர்கள். நானும் மூன்று நாள் அங்கே தேடினேன். சரியாகவே தேடினேன்.

பதினோரு நாள் கழித்து நரி சுட வந்தவர்கள் அவன் உடலைக் கண்டெடுத்தார்கள். அவன் ஐந்து நாள் உயிரோடு இருந்ததாக டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். குப்பியில் என் பெயர் இருக்கிறது, என் கையெழுத்துதான். மறுக்கப் போவதில்லை. அவனை நான் தள்ளவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன், அவன் சாவான் என்று தெரிந்துதான் வந்தேன்.

ஒன்றை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கிளப்பிலும் படித்துக் காட்டுங்கள். நான் நடக்க ஆரம்பித்ததும் அவன் கூப்பிட்டான். நில அளவைக்காரன் பழக்கத்தில் என் காலடிகளை எண்ணிக்கொண்டே போனேன். நூறாவது அடியில் கேட்டது. இருநூறில் கேட்டது. பாதைக்கு வந்துசேர முந்நூற்று நாற்பது அடி, அங்கேயும் என் பெயர் மிக மெல்லிசாக, ஆனால் தெளிவாகக் கேட்டது. என் காதில் ஒரு குறையும் இல்லை, சார்ஜென்ட்.