பேர் சொல்ல விரும்பாத ஒருவர்

கார்லீன்: இந்த பிஸ்கட்ல பன்றிக் கொழுப்பெல்லாம் இல்ல சார், சுத்தமான வெண்ணெய். நம்பி எடுங்க.

நெவ்ஸாத்: நான் கேக்கவே இல்லையே, மிஸ் கார்லீன்.

கார்லீன்: வாயால கேக்கல. மோந்து பாத்தீங்க. என் அக்கா மக கல்யாணத்துல மிச்சம். யங்ஸ்டவுன்ல கல்யாணம்னா பொண்ணைப் பாக்குறதுக்கு முந்தி பிஸ்கட் மேசையைத்தான் எல்லாரும் பாப்பாங்க. இதுவே வண்டி கொள்ளாம மிச்சமாயிடுச்சு.

நெவ்ஸாத்: இந்த ஆப்ரிகாட் வச்சது நல்லாயிருக்கு... துருக்கியில எங்க ஊர் மலாத்யாவுல வீட்டு மொட்டை மாடியெல்லாம் இந்தப் பழம்தான் காயும்.

கார்லீன்: அப்ப இன்னொண்ணு எடுங்க. எடுத்துட்டு சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பேப்பர்ல நம்ம ஸ்கூலைப் பத்திப் போட்டதைப் பாத்தீங்களா?

நெவ்ஸாத்: பாத்தேன்.

கார்லீன்: பாத்து?

நெவ்ஸாத்: பாத்து என்ன... பேப்பர்காரங்க எழுதுறாங்க. மிஸ் கார்லீன், பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் பூரா அப்படியே கெடக்கு. நான் திருத்தணும்.

கார்லீன்: திருத்துங்க. கைதானே திருத்துது, காது சும்மாதானே இருக்கு. எனக்கு வயிறு எரியுது சார். இந்த வாரம் பூரா ஆபீஸ் போன் என் காதுலயேதான் இருந்தது. 'என் வரிப்பணத்துல மசூதி நடத்துறீங்களா'ன்னு ஒருத்தன். 'துருக்கிக்காரனுக்கு அமெரிக்கா ஏன் சம்பளம் குடுக்கணும்'னு ஒருத்தி. நேத்து எவனோ வாசச் சுவத்துல சிவப்புப் பெயிண்ட்டை அடிச்சுட்டுப் போயிட்டான். பிள்ளைங்க வர்றதுக்குள்ள நின்னு தேச்சேன். இன்னும் பாதி போகல.

நெவ்ஸாத்: பாத்தேன். 'ஊருக்குத் திரும்பிப் போ'ன்னு.

கார்லீன்: அதுவும் எழுத்துப் பிழையோட. நம்ம ஸ்கூல்ல படிச்சிருந்தா ஒழுங்காவாச்சும் எழுதியிருப்பான்.

நெவ்ஸாத்: ...சிரிக்கணும்போல இருக்கு. வரமாட்டேங்குது.

கார்லீன்: எனக்கும்தான். எல்லாம் ஒரே ஒரு ஆளால. 'பள்ளியில் பணிபுரியும், பேர் சொல்ல விரும்பாத ஒருவர்.' என்ன சார் இது? பேர் சொல்ல விரும்பாதவன் வாயை மட்டும் ஏன் தொறக்குறான்? இங்க சம்பளம் வாங்கிட்டு, இங்க காப்பி குடிச்சுட்டு, இங்க இருக்கிறவங்களையே...

நெவ்ஸாத்: அவனுக்கு என்ன கஷ்டமோ.

கார்லீன்: என்ன கஷ்டம்? என் பொண்ணு போன பழைய ஸ்கூல் கஷ்டத்தை நான் சொல்லவா? கணக்கு வாத்தியார் கிறிஸ்துமஸ் வரைக்கும் வரவே இல்ல. பதிலுக்கு வந்தவர் ஏதாவது படத்தைப் போட்டுவிட்டுட்டுத் தூங்குவார். எஃகு ஆலையை மூடினப்பவே இந்த ஊர்ப் பிள்ளைங்களையும் சேத்து மூடிட்டாங்க சார். நீங்க எல்லாரும் வந்து ஒரு பாழாப்போன சூப்பர் மார்க்கெட்டைப் பிடிச்சு ஸ்கூல் ஆக்குனீங்க. கறி தொங்கவிட்ட இடத்துல இன்னிக்கு லேப் இருக்கு. என் ஜொசெட் மாநில அளவுல கணக்குப் போட்டிக்குப் போறா. இதைக் கெடுக்க ஒருத்தனுக்கு மனசு வருதுன்னா அவன் என்ன மனுஷன்?

நெவ்ஸாத்: ஜொசெட் எங்க படிச்சிருந்தாலும் வந்திருப்பா.

கார்லீன்: வந்திருக்க மாட்டா. சும்மா பேச்சுக்குச் சொல்லாதீங்க. எனக்குத் தெரியும். அதான் சொல்றேன், அவன் ஒரு கோழை.

நெவ்ஸாத்: கோழைன்னு சொல்லாதீங்க.

கார்லீன்: பின்ன?

நெவ்ஸாத்: பயந்தவன்னு சொல்லுங்க. ரெண்டும் வேற.

கார்லீன்: அடேயப்பா. அந்த ஆளு மேல உங்களுக்கு இவ்வளவு கரிசனமா?

நெவ்ஸாத்: யாருன்னே எனக்குத் தெரியாது. பொதுவா சொன்னேன்.

யால்சின்: என்ன, வெள்ளிக்கிழமை அதுவுமா ரெண்டு பேரும் இன்னும் கிளம்பலையா?

கார்லீன்: வாங்க பிரின்சிபல் சார். பிஸ்கட் பஞ்சாயத்து.

யால்சின்: நடக்கட்டும். நெவ்ஸாத், வீட்டுல குல்சும் எப்படி இருக்கா? ஏழாம் மாசம்தானே? நல்லா சாப்பிடச் சொல்லு. ஏதாவது வேணும்னா கூச்சப்படாம கேளு, நாம எல்லாம் ஒரே குடும்பம்.

நெவ்ஸாத்: சரி அண்ணே.

யால்சின்: மிஸ் கார்லீன், போறப்ப என் ரூமுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. நான் இருக்கேன்.

கார்லீன்: வரேன் சார்... போயிட்டார். என்ன, உங்க முகமே வெளுத்துப் போச்சு?

நெவ்ஸாத்: இல்லையே.

கார்லீன்: இருக்கு. சும்மா 'ஒரே குடும்பம்'னு சொன்னதுக்கா?

நெவ்ஸாத்: மிஸ் கார்லீன்... மிஸஸ் கோவாச்சை ஞாபகம் இருக்கா?

கார்லீன்: இங்கிலீஷ் டீச்சர். ஏன் இல்லாம? கிளாஸை அடக்கத் தெரியலன்னு அனுப்பிட்டாங்க. இப்ப மளிகைக் கடையில பில் போடுறாங்க, பாவம். என்னைப் பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிறாங்க.

நெவ்ஸாத்: அவங்க இடத்துக்கு யார் வந்தது?

கார்லீன்: எக்ரெம் சார்.

நெவ்ஸாத்: எக்ரெம் இங்கிலீஷ் எப்படி?

கார்லீன்: நல்ல மனுஷன்...

நெவ்ஸாத்: இங்கிலீஷ் எப்படின்னு கேட்டேன்.

கார்லீன்: போன வாரம் என்கிட்ட வந்து 'நாற்காலிக்குப் பசிக்குது'ன்னார். அதோட கால் ஒடஞ்சிருக்குன்னு சொல்ல வந்திருக்கார், பாவம்.

நெவ்ஸாத்: இந்த ஊர்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கத் தகுதியான ஆளே கிடைக்கலன்னு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துத்தான் எக்ரெமுக்கு விசா வாங்கினாங்க. கோவாச் அம்மா அப்ப இங்கதான், ரெண்டாவது வகுப்பறையில பாடம் நடத்திட்டு இருந்தாங்க. கிளாஸை அடக்கத் தெரியாதுங்கிறது அதுக்கப்புறம் கண்டுபிடிச்சது.

கார்லீன்: ...எக்ரெமை எதுக்கு அப்படிக் கொண்டு வரணும்?

நெவ்ஸாத்: எங்க மத இயக்கத்து ஆள். ஊர்ல அவருக்கு வேலையில்ல. இயக்கம் பாத்துக்கும்னு வாக்குக் குடுத்திருக்காங்க. அவ்வளவுதான்.

கார்லீன்: அப்ப பேப்பர்ல போட்டது நிஜமா? இயக்கம் அது இதுன்னு... பிரின்சிபல் எங்க எல்லாரையும் உக்கார வச்சு அப்படி ஒண்ணே கிடையாதுன்னு சொன்னாரே. நானும் போன்ல வந்தவங்ககிட்ட எல்லாம் அதையேதான் சொன்னேன். வாரம் பூரா, என் வாயால.

நெவ்ஸாத்: நீங்க தெரியாம சொன்னீங்க.

கார்லீன்: சரி, அது ஆபீஸ் அரசியல்னு வச்சுக்குவோம். எந்த ஆபீஸ்ல இல்ல? ஆனா அந்த சனிக்கிழமை வீடு... கணக்குன்னு பிள்ளைங்களைக் கூப்பிட்டு, டீ குடுத்து, அப்புறம் அந்த இயக்கத்துப் பெரியவர் பேச்சைப் போட்டு உக்கார வைக்கிறாங்கன்னு எழுதியிருக்கே, அது பொய்தானே? சார், என் பொண்ணு சனிக்கிழமை தோறும் ஸெய்னெப் டீச்சர் வீட்டுக்குப் போறா. போட்டிக்குக் கணக்கு சொல்லிக்குடுக்குறாங்கன்னு.

நெவ்ஸாத்: கணக்கும் சொல்லிக்குடுப்பாங்க.

கார்லீன்: கணக்கும்னா? 'கணக்கும்'னா என்ன சார்?

நெவ்ஸாத்: மெதுவா பேசுங்க.

கார்லீன்: நான் ஏன் மெதுவா பேசணும்? என் பொண்ணை நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கே அவ வந்து 'அம்மா, எனக்கு உன் சாமி வேண்டாம், மிஸ் ஸெய்னெப் சாமிதான் வேணும்'னு சொன்னா, அழுவேன், சண்டை போடுவேன், அப்புறம் சரின்னு விட்டுருவேன். ஆனா எனக்குத் தெரியாம...

நெவ்ஸாத்: அதான். அதேதான் மிஸ் கார்லீன். நான் அஞ்சு வேளை தொழுறவன். என் வீட்டுக் கதவுல 'இது தொழுகை நடக்கிற வீடு, விரும்புறவங்க வரலாம்'னு எழுதி ஒட்டினா அது என் உரிமை, யாரும் கேக்க முடியாது. கணக்குன்னு கூப்பிட்டு, அரசாங்கம் குடுக்குற காசுல, பெத்தவங்களுக்குத் தெரியாம செஞ்சா... அது திருட்டு. கடவுள் பேரைச் சொல்லித் திருடுறது. என் கடவுள் பேரை. எனக்கு அதைத்தான் பொறுக்க முடியல. வெளியில சுவத்துல எழுதினானே, அவனுக்குப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக் குடுத்ததே நாங்கதான்.

கார்லீன்: நாங்கன்னா... நீங்களும் போவீங்களா அங்கெல்லாம்?

நெவ்ஸாத்: செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போகணும். எல்லா டீச்சரும். துருக்கி டீச்சருங்க.

கார்லீன்: அங்க என்ன நடக்கும்?

நெவ்ஸாத்: பிள்ளைங்களைப் பத்திப் பேசுவாங்க. யார் நெருங்கி வர்றா, யார் வீட்டுல என்ன கஷ்டம், யார்கிட்ட எப்படிப் பேசுனா ஒட்டிக்கும்...

கார்லீன்: ஜொசெட் பேர் வந்துச்சா?

நெவ்ஸாத்: மிஸ் கார்லீன், இது போதும். தயவு செஞ்சு...

கார்லீன்: வந்துச்சான்னு கேட்டேன்.

நெவ்ஸாத்: வந்தது.

கார்லீன்: என்னன்னு? நான் இங்கருந்து போகமாட்டேன் சார். சொல்லுங்க.

நெவ்ஸாத்: 'அப்பா செத்துப்போன பிள்ளை. அம்மா எப்பப் பாத்தாலும் வேலை வேலைன்னு இருக்கா. வீட்டுல யாரும் இல்ல. சீக்கிரம் ஒட்டிக்கும்'னு. உக்காருங்க. தண்ணி குடிங்க.

கார்லீன்: யார் சொன்னது? ஸெய்னெப்பா?

நெவ்ஸாத்: யால்சின் அண்ணன்.

கார்லீன்: என் வீட்டுக்காரர் ரெஜி செத்தப்ப இந்த ஆளு என் வீட்டுக்கு வந்தாரு. தட்டு நிறைய உங்க ஊர் இனிப்பு, பக்லாவா கொண்டு வந்தாரு. எங்க சோபாவுல உக்காந்து என் கையைப் பிடிச்சுட்டு அழுதாரு சார். என் சொந்த அண்ணன் அழல, இவரு அழுதாரு. அப்படியே வீட்டை அளவெடுத்துட்டுப் போயிருக்காரு, அப்ப.

நெவ்ஸாத்: அவர் அழுதது பொய்யா இருக்காது. அவர் அப்படி ஆள் இல்ல.

கார்லீன்: அதுதான் இன்னும் மோசம். பொய்யா அழுதிருந்தா ஒரு அறை விட்டுட்டு மறந்துடலாம்... ஆமா, நீங்க? அந்த வார்த்தையைக் கேட்டுட்டு நீங்க என்ன செஞ்சீங்க? அங்க குடுத்த டீயைக் குடிச்சீங்களா?

நெவ்ஸாத்: குடிச்சேன்.

கார்லீன்: ம்.

நெவ்ஸாத்: குடிச்சுட்டு வெளிய வந்தேன். வண்டியை எடுக்கல. தெருமுனை வரைக்கும் நடந்தேன். அங்க நின்னு அந்தப் பேப்பர்காரிக்குப் போன் போட்டேன். நான்தான் மிஸ் கார்லீன். அந்தப் பேர் சொல்ல விரும்பாத கோழை நான்தான்.

கார்லீன்: ஏன் சார்... ஏன் என்கிட்ட சொன்னீங்க?

நெவ்ஸாத்: ஜொசெட்டோட அம்மா நீங்க. உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். பேப்பர்காரிகிட்ட போனதே தப்பு வழி. பள்ளிக்கூடத்தை மூடாதீங்க, நடத்துற ஆளை மாத்துங்க, கணக்கு இருக்கட்டும், கோவாச் அம்மாவைக் கூப்பிடுங்கன்னு அவகிட்ட மன்றாடுனேன். அதை மட்டும் விட்டுட்டு மீதி எல்லாத்தையும் எழுதினா.

கார்லீன்: இது வெளிய வந்தா உங்களுக்கு என்ன ஆகும்?

நெவ்ஸாத்: என் விசா இந்தப் பள்ளிக்கூடத்து மேலதான் நிக்குது. இவங்க கையை விட்டா மூட்டை கட்டணும். துருக்கியில இந்த இயக்கத்துக்கே தடை, அங்க போய் இறங்கினா, இதுல இருந்தவன்னு விமான நிலையத்துலயே போலீஸ் நிக்கும். இயக்கத்தைக் காட்டிக்குடுத்தேன்னு இவங்க துரத்துவாங்க. இயக்கத்துல இருந்தேன்னு அவங்க உள்ள தள்ளுவாங்க.

கார்லீன்: குல்சுமுக்குத் தெரியுமா?

நெவ்ஸாத்: தெரியாது. இந்த நிலைமையில எப்படிச் சொல்றது? தொட்டிலுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டு இருக்கா.

கார்லீன்: நல்லா இருக்கு நியாயம். மறைச்சவன் பெரிய ரூம்ல உக்காந்திருக்கான். மறைக்காதீங்கன்னு சொன்னவன் இங்க ஒளிஞ்சு உக்காந்திருக்கான். நான் ஒருத்தி நடுவுல நின்னு சுவத்தைத் தேச்சுட்டு இருக்கேன்.

நெவ்ஸாத்: கோபப்படாதீங்க.

கார்லீன்: படுவேன். நாளைக்கு சனிக்கிழமை, ஜொசெட் எங்கயும் போகப்போறதில்ல. கணக்கு வேணும்னா இந்த ரூம்ல, கதவைத் தொறந்து வச்சுட்டு, நான் பின்னால உக்காந்திருக்கேன், நீங்க சொல்லிக்குடுங்க.

நெவ்ஸாத்: அதுவரைக்கும் நான் இருந்தா.

கார்லீன்: இருப்பீங்க. எந்திரிக்கணும். நான் பிரின்சிபல் ரூமுக்குப் போகணும்.

நெவ்ஸாத்: மிஸ் கார்லீன்... ஒண்ணு கேக்கவா? இவ்வளவு நேரமாகியும் வீட்டுக்குப் போகாம, அவர் உங்களுக்காக எதுக்குக் காத்துட்டு இருக்கார்?

கார்லீன்: பேப்பர்ல பேசினது யாருன்னு தெரிஞ்சுட்டு வான்னு என்னை அனுப்பினதே அவர்தான் சார், நானும் அந்த ஆளு மேல இருந்த ஆத்திரத்துல சரின்னுதான் வந்தேன். இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல, போய் பேசினது நான்தான்னு சொல்லப்போறேன். என்னை எந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவாரு, நான் பொறந்ததே இந்தத் தெருக்கோடியிலதான்.