இரண்டு ஊசி, ஒரு வாழையிலை

இந்த நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குத் தலைமையேற்று, என் இடுப்பளவை ஒருமுறைகூட உற்றுப் பார்க்காத பண்பாளர் மருத்துவர் திருநாவுக்கரசு அவர்களே, சிதம்பரத்துச் சான்றோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அரங்குக்கு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

அடக்கம் பற்றி அறுநூறு மேடைகளில் பேசியவன் நான். அடங்காத ஒன்று என்னிடம் உண்டென்றால் அது என் வயிறு. அதற்காகக் கடலூர் மருத்துவர் வாரம் ஓர் ஊசி எழுதினார். வயிறு நிறைந்துவிட்டதென்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் மருந்து. இரண்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தது. போதும் என்று நான் எந்த மேடையில் சொல்லியிருக்கிறேன்? கைதட்டாதீர்கள், அமைப்பாளர் அழுகிறார். இப்படிப்பட்ட இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துக் கொடுக்கும் ஆய்வு நடப்பதாகப் படித்தேன். ஆய்வாளர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று, இதே சிதம்பரத்தில் இன்னொரு மருத்துவரிடம் முதல் ஊசியை மறைத்து இரண்டாவது ஹார்மோன் ஊசியையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மனைவியிடம் இரண்டையும் மறைத்தேன்.

அந்த வாரம்தான் திட்டக்குடிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். மாப்பிள்ளை கார்த்திகேசன், என் மகள் மாலதி தானே தேர்ந்தெடுத்தவர். ஓராண்டு மறுத்துவிட்டு அப்போதுதான் தலையசைத்திருந்தேன். அந்த வீட்டில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காவிட்டால் சம்பந்தமே இல்லை. உங்களுக்குத் தெரியாததா?

இலை வந்தது. சோறு வந்தது. வறுவல் வாசனையில் குடலும் வந்தது, தொண்டைவரை. "வேண்டாங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் தாய் ரத்தினம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "ஏண்ணே, இஷ்டமில்லன்னா வாசல்லயே சொல்லியிருக்கலாம்ல? இலை போட வச்சுட்டு வேணாங்குறீங்க."

மாலதி என்னைப் பார்த்தாள். "ஏம்ப்பா, சரின்னு சொன்னதெல்லாம் இதுக்குத்தானா?"

எதுகை வரவில்லை, மோனை வரவில்லை. சட்டையைத் தூக்கி, வயிற்றில் ஊசி குத்திய தடங்களைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரெண்டா?" என்றாள் என் மனைவி பவானி. "மயங்கி வுழுந்திருந்தா எந்த டாக்டர்கிட்டன்னு நான் ஓடுறது?"

ரத்தினம்மாள் வறுவலை உள்ளே எடுத்துப் போகச் சொன்னார். "பொண்ணு மொகத்தப் பாருங்கண்ணே. ரசஞ்சோறு ஒரு வாய், மெதுவா."

மூன்று மணி நேரம் மூச்சுவிடாமல் முழங்குகிறவனுக்கு, அந்த ஒரு வாயை விழுங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடியும்வரை மாலதி நின்றுகொண்டே இருந்தாள்.

மறுநாள் இரண்டு மருத்துவர்களிடமும் உண்மையைச் சொன்னேன். இருவரும் தனித்தனியே ஒரே வார்த்தையில் திட்டினார்கள். என்ன வார்த்தையா? தாய்மார்கள் இருக்கிறார்கள், விடுங்கள். இன்று ஒரே மருத்துவர், ஒரே ஊசி.

மருந்தோடு மருந்தைச் சேர்ப்பது மருத்துவர் வேலை. மறைக்காமல் இருப்பது நம் வேலை. மருத்துவரிடம் மறைத்து, மனைவியிடம் மறைத்து, மகளிடம் மறைத்து இளைக்கும் உடம்பு யாருக்காக, அன்பர்களே?

தை மாதம் கடலூரில் திருமணம். முதல் பந்தியில் என் எதிர் இலையில் மணப்பெண்ணே உட்காரப் போகிறாளாம், கண்காணிக்க. அனைவரும் வாருங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றியும் வணக்கமும்.