இருநூற்றுப் பதின்மூன்றாவது எச்சரிக்கை

நாம் எழுதுகிற நிரலைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தரும் கம்பைலர், கூடவே தருகிற எச்சரிக்கைகளை முழுசாகப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் ஆபீஸில் வேறு யாருக்கும் கிடையாது. நானூறு எச்சரிக்கை வந்தாலும் கண்டுகொள்ளாமல் காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

நாங்கள் எழுதியது மருந்து பம்புக்கான நிரல், சி மொழியில். நரம்பில் மணிக்கு இத்தனை மில்லி என்று மருந்து ஏற்றுகிற பெட்டி அது. உச்ச வேகம் போன்ற மாறாத எண்களுக்குப் பெயர் வைக்க சி-யில் மேக்ரோ, எனம் என்று இரண்டு வழி உண்டு; மேக்ரோ வேண்டாம், எனம் போடுங்கள் என்று கூட்டத்தில் சொன்னேன். ஒரே பெயருக்கு இரண்டு மதிப்பு கொடுத்தால், எனத்தில் கம்பைலர் அங்கேயே வேலையை நிறுத்திவிடும். மேக்ரோவில் ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு, கடைசி மதிப்பை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

டீம் லீடர் சிரித்தார். மனதுக்குள் அவரை நான் வாய்ச்சவடால் என்றுதான் கூப்பிடுவேன். "எல்லாம் வெறும் நம்பர்தானே சார். பாடம் எடுக்காம ரிலீஸ் பண்ண விடுங்க." மொத்த மந்தையும் சேர்ந்து சிரித்தது.

மூன்று வாரம் கழித்து, அவர் எழுதியதைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. இருநூற்றுப் பதின்மூன்றாவது எச்சரிக்கை. குழந்தைகளுக்கான கோப்பில் உச்ச வேகம் ஐந்து. பெரியவர்களுக்கான கோப்பில் அதே பெயரில் ஐம்பது. ஐம்பதுதான் நின்றது. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஒரு வரி குறிப்பு எழுதியிருக்கலாம். எழுதினால் ஐந்து நிமிஷத்தில் திருத்திவிட்டு, அந்த ஆள் அடுத்த மேக்ரோவைப் போடுவார். பட்டுத் திருந்தட்டும் என்று ஒப்புதல் கொடுத்தேன். சோதனைக்காரர்கள் பெரியவர்கள் அளவை மட்டும் ஓட்டிப் பார்த்துக் கைகழுவினார்கள்.

களைத்துப்போன ஒரு நர்ஸ் நாலரைக்குப் பதிலாக நாற்பத்தைந்து என்று தட்டினாள். பெட்டி மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது.

அதன் அப்பா, ஒரு பஸ் டிரைவர், ஆபீஸுக்கு வந்து ஒவ்வொருவரிடமும் "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான்தான் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேன். எனம் போட்டிருந்தால் உங்கள் பெண் பிழைத்திருப்பாள் என்றேன்.

"இது உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

"முன்னாடியே தெரியும். இந்த ஆபீஸ்ல எனக்கு மட்டும்தான் தெரியும்."

அத்தனை பேரில் உண்மையைச் சொன்னவன் நான் ஒருவன். அவர் ஏன் என் சட்டையைப் பிடித்தார் என்பதுதான், ஐயா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.