பைபாஸில் நின்ற கப்பல்

— டார்ச்ச அணைங்கண்ணே. கேமராவுல படம் பதிஞ்சுக்கிட்டிருக்கு.

— அணைச்சுட்டனுங்க தம்பி. இன்னும் எவ்வளவு நேரமுங்க?

— முப்பது செகண்டு. ஒரு படத்துக்கு அம்புட்டு நேரம் ஆகும். கப்பல வாங்குன மியூசியத்துக்காரங்க கண்டிசனா சொல்லிட்டாங்க. "பெலிக்ஸ், கப்பல் மட்டும்தான் தெரியணும், விடியுறதுக்குள்ள படம் வேணும்"னு.

— அப்ப ட்ரெய்லர என்னங்க பண்ணுவீங்க? நூறு டயரு மேலயில்ல கப்பலு குந்தியிருக்குது.

— அத இருட்டுல அமுக்கிருவேன். திண்டுக்கல்லுல கல்யாணப் படத்துல எத்தன மாப்பிள்ளையோட தொப்பைய அமுக்கியிருக்கேன், இது என்ன பிரமாதம்?

— சிரிக்க வெக்காதீங்க. ராத்திரியில இந்தக் கப்பலுக்குப் பக்கத்துல சிரிக்கப்படாதுங்க.

— ஏண்ணே?

— சித்தே சும்மா இருந்து கேளுங்க.

— நெலக்கோட்டப் பூ வண்டி போகுது. மல்லிப்பூ வாசம் வருது.

— அது போகட்டும். இப்பக் கேளுங்க.

— மாதாவே! என்னண்ணே அது? உள்ள இருந்து யாரோ தட்டுற மாதிரி...

— மூணு தடவ தட்டுதுங்க. ரெண்டு நாளா இப்பிடித்தான். பகல்ல ரோட்டுச் சத்தத்துல கேக்காது. டிரைவரு, வெயில்ல காஞ்ச இரும்பு மார்கழிக் குளுருல சுருங்குதுன்னு சொல்லிப்போட்டு, லாட்ஜுல போய்ப் படுத்துக்கிட்டாரு. இரும்புக்கு எண்ணத் தெரியுமுங்களா? தூத்துக்குடியில ஏத்தறப்பவே சொன்னாங்க, இதுக்குள்ள ஒரு மாலுமி செத்துப்போனாராம்.

— நீங்க என்ன செஞ்சீங்க?

— மொத நாளு எலுமிச்சம்பழம் கட்டுனேன். அப்புறம் மனசு கேக்கலீங்க. கடலுல கெடந்த ஆத்துமா, கெணத்துலயே தண்ணி இல்லாத ஊருக்கு வந்து தனியாக் கெடக்குது. அதான் நானும் வெளிய இருந்து மூணு தட்டுத் தட்டுவேன். நான் இருக்கேன், பயப்படாதேன்னு. ஒடனே அடங்கிப் போகும்.

— பேய்க்கே தைரியம் சொன்ன ஆளு ஒலகத்துலயே வேலுசாமியண்ணன் ஒருத்தருதான்.

— வெளையாடாதீங்க. இப்பத் தட்டறேன், பாருங்க.

— ஆமாண்ணே... அடங்கிருச்சு. எனக்கு மேலெல்லாம் புல்லரிக்குது.

— வாங்க, இப்பிடி உக்காருங்க. பரோட்டாப் பொட்டலம் ரெண்டு இருக்குது. ஒண்ணு நீங்க சாப்பிடுங்க.

— இது யாருக்கு வாங்குனது?

— அய்யனாருக்குங்க. பன்னெண்டு வருசமா என்னோட வேல பாக்கறவன். உங்க சித்தையன்கோட்டைப் பக்கந்தான். முந்தாநாளு கொடைரோட்டுல, வண்டிக்கு முன்னால கொடி புடிக்கிற நேரத்துல தூங்கிட்டானுங்க. நாலு பேரு பாக்க, என் மூஞ்சியிலயே முழிக்காதேடான்னு வெஞ்சுபோட்டேன். சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான். போனும் போகமாட்டேங்குது. ரோசக்காரன்.

— அப்ப ரெண்டு நாளாவா பொட்டலம் வாங்கி வெக்கிறீங்க?

— வந்தா பசியோட வருவானுங்களே.

— வீட்டுல கேட்டீங்களா?

— எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க கேக்கறது? காலையில கரண்டாபீசுக்காரங்க வந்து குறுக்க தொங்கற ஒயரத் தூக்கிவிட்டாங்கன்னா, கப்பலு பழனி ரோட்டுல திரும்பிரும். நான் மட்டும் எறங்கி அவன் வீட்டுக்குப் போயிரலாம்னு இருக்கேன். கையப் புடிச்சு மன்னிப்புக் கேட்டுப்போட்டாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

— கேளுங்கண்ணே. கேட்டா கொறஞ்சா போயிருவோம்? செத்த இருங்க, எடுத்த படத்தையெல்லாம் பெருசாக்கிப் பாத்துக்கிர்றேன்... அண்ணே, இங்க வாங்க.

— நான் வல்லீங்க. மூஞ்சி ஏதாச்சும் தெரியுதுங்களா?

— மூஞ்சி இல்ல. மேல் வரிசையில கடேசி வட்ட ஜன்னல் கண்ணாடி. மொதப் படத்துல எல்லாக் கண்ணாடியும் ஒண்ணு போலக் கறுப்பு. ரெண்டாவதுல இது மட்டும் வெள்ளையா மங்கிக் கெடக்கு. மூணாவதுல, மங்கல் மேல விரல வச்சு இழுத்த மாதிரி ஒரு கோடு.

— முருகா! அழிச்சுப்போடுங்க தம்பி. அந்தப் பக்கம் வேண்டாம், வேற பக்கமா நின்னு எடுங்க.

— பனியா இருந்தா மத்த கண்ணாடியிலயும் இருக்கணுமே... அண்ணே, இதுக்குள்ள போறதுக்கு எத்தன கதவு?

— ஒண்ணுதானுங்க.

— அத எப்ப மூடுனீங்க?

— முந்தாநாளு சாயங்காலம், கொடைரோட்டுல பொறப்படறப்ப. எட்டு நட்டையும் வெளிய இருந்து நாந்தான் முடுக்குனேன். ஏனுங்க?

— அய்யனாரு அண்ணன வஞ்சதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— பின்னாடிதானுங்க. அந்தக் கோவத்துலயே, உள்ள எட்டிக்கூடப் பாக்காம முடுக்குனேன்... ஏன் தம்பி ஸ்பானர எடுக்கறீங்க? நில்லுங்க! அடங்கிக் கெடக்கற ஆத்துமாவப் போய்த் தொறந்து விடாதீங்க!

— அந்தக் கண்ணாடி மூச்சு பட்டு மங்கியிருக்குண்ணே. செத்தவங்களுக்கு ஏது மூச்சு?