மதாம் ஏசாத பிள்ளை

பார்க் மெட்ரோ வாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். முன்னால் இரண்டு பெண்கள்.

"ஒப்பரா மேடைக்குப் போகேக்க பாட்டு மதாம் எல்லாப் பிள்ளையளுக்கும் 'மெர்ட்' எண்டவ. பிரெஞ்சில பீ எண்டெல்லே அர்த்தம்? என்ர மகளை மட்டும் ஏசேல்லை. அவ்வளவு மரியாதை."

மற்றவள் அந்த ஒப்பராவில் உடுப்புத் தைப்பவளாம்.

"அக்கா, அது ஏச்சில்லை. நல்லாப் பாடச்சொல்லி வாழ்த்துறது. மதாம் மேடையில பாடின காலத்திலயும் அப்பிடித்தான் சொல்லுறவை."

"அப்ப என்ர பிள்ளைக்கு ஏன் சொல்லேல்லை?"

"அடுத்த ஒப்பராவுக்கு அளவெடுக்கிற லிஸ்டில அவளின்ர பேர் இல்லை. கொம்பனி மதாமின்ரயெல்லோ. அவதான் வெட்டினவ."

"எட்டு வருசம் அவவிட்டத்தானே பாட்டுப் படிச்சவள்!"

மற்றவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"நான் விசரி. ஏசேல்லையெண்டு இப்பத்தான் அவவின்ர ரெண்டு கையையும் பிடிச்சு மெர்சி, நன்றியெண்டு சொல்லிப்போட்டு வாறன்."