சகலனின் அமெரிக்கக் கார்

“பிரேக்கை மாத்தினால் பிறகென்ன பழைய காரோ?”

பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் கொத்துரொட்டி வாங்க நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற கண்ணாடிக்காரர் கேட்டார். அவருடைய சகலன் பழைய அமெரிக்கக் கார் ஒன்றைத் திருத்தி, புது பிரேக்கும் ஏசியும் பூட்டி, விற்கப் போட்டிருக்கிறாராம்.

“தன்ர மகளைக் கலியாணத்துக்கு அதிலைதான் கொண்டுவந்து இறக்கினவன். சனம் பொம்பிளையைப் பாக்கேல்லை, காரைத்தான் பாத்தது.”

“உங்கட மகளின்ர கலியாணமும் வருகுதெல்லே அண்ணை? கேளுங்கோவன்,” என்றார் பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர்.

“அவனிட்டை நானோ? நாவூறு படுமெண்டு பம்பரிலை தேசிக்காய் கட்டியிருக்கிறான்!”

“நீங்கள் போய்ப் பாத்தனீங்களோ?”

“மூண்டு தரம்தான்.”

“கார்த் கிரீஸ்?”

“எல்லாம் சரி. ஓடேக்கை சத்தமே இல்லை.”

முப்பது வயது கடந்த காருக்குக் கார்த் கிரீஸ் என்ற பதிவுப் பத்திரம் தனியாக உண்டு. பொறாமைக்கு இன்னும் படிவம் வரவில்லை.

“அப்ப நாளைக்கு நான் போய்ப் பாக்கிறன். என்ர தங்கச்சிக்கும் கலியாணம்,” என்றார் தொப்பிக்காரர்.

கண்ணாடிக்காரரின் முறை வந்திருந்தது. அவர் வரிசையை விட்டு விலகி, சகலனுக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, நான்தான். அந்தக் காரை ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை.”