தூர எறிந்த தொரட்டி

பெயர் இசக்கிதுரை, வயது 41, தகப்பனார் பெயர் காலஞ்சென்ற ராமசுப்பு, கீழச்செவல்காடு, கோவில்பட்டி வட்டம். தொழில் ஆடு மேய்ப்பது. நீதித்துறை நடுவர் அவர்கள் விசாரிக்க, மேற்படி சாட்சி கூறியதாவது:

நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். இறந்துபோன காசிராஜன் என் உடன்பிறந்த அண்ணன். இருவரும் சேர்ந்துதான் ஆடு மேய்த்து வந்தோம். சில வருடங்களுக்கு முன் நான் தெலங்கானாவில் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தபோது அங்குள்ள மென்னோனைட் என்னும் கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, நானாகக் கேட்டு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டேன். இயேசுவைக் கும்பிட்டால் மட்டும் போதாது, அவர் நடந்தபடி நடக்க வேண்டும், அடிக்கிறவனையும் திருப்பி அடிக்கக் கூடாது என்பது எங்கள் சபையின் போதனை. அண்ணன் இதைக் கேலி செய்வாரே தவிரத் தடுத்ததில்லை. "நாய் வந்து குட்டியத் தூக்குனா நீ செபம் பண்ணுலே, நான் கம்ப எடுத்துக்கிடுதேன்" என்பார்.

சம்பவத்தன்று பிற்பகல் கண்மாய்க்கு ஆடுகளைப் பத்திக்கொண்டு போகும்போது, சில ஆடுகள் கார்த்திகேசன் என்பவரின் உளுந்துக்காட்டில் இறங்கிவிட்டன. நாங்கள் பத்திவிடுவதற்குள் அவர் தன் கூட்டாளி ஒருவருடன் வந்து அண்ணனைச் சட்டையைப் பிடித்துத் தள்ள, அண்ணனும் அவரை அடிக்க, அதன் பிறகு இருவரும் சேர்ந்து அண்ணனை அடித்தார்கள். அப்போது என் கையில் ஆட்டுக்குக் கொப்பு அறுக்கும், நீளக் கம்பில் அரிவாள் கட்டிய தொரட்டி இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்து, "ஏலே, ஓங்குலே" என்றார். ஓங்கினால் வெட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு கோபம் இருந்தது. எனவே தொரட்டியைத் தூர எறிந்துவிட்டு வெறுங்கையோடு நடுவில் விழுந்து தடுத்தேன். அதன் பிறகு கூட்டாளி என்னைக் கீழே தள்ளி அமுக்கிக்கொள்ள, கார்த்திகேசன் நான் எறிந்த தொரட்டியை எடுத்து வந்து அண்ணனைக் கழுத்தில் வெட்டினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அண்ணன் இறந்துவிட்டார். போலீசார் கைப்பற்றிய தொரட்டி என்னுடையதுதான்.

அதன் பிறகு நான் அண்ணன் வீட்டிற்குப் போனபோது மதினி வேலுத்தாய் வாசலில் மறித்து, "ஒன் சாமிகிட்ட நீ நல்ல பேரு வாங்கிட்டே. நான் எங்க போய் எம்புருசன வாங்க?" என்று கேட்டார்.   அண்ணனின் பாடையைத் தூக்க என்னை விடவில்லை. அன்று முதல் ஆடுகளையும் தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

வெட்டியது கார்த்திகேசன்தான் என்பதை எங்கே கேட்டாலும் சொல்வேன். அவரைத் தூக்கில் போடுங்கள் என்று கேட்க மாட்டேன். அவருக்காக ஜெபிக்கச் சொல்லிச் சபையிலிருந்து போனில் சொன்னார்கள். முழங்கால் போட்டு அவர் பெயரைச் சொல்லப் பார்க்கிறேன். அண்ணன் பெயர்தான் வாயில் வருகிறது, அழுகையும் வந்துவிடுகிறது.

மறுபடியும் அப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர் என்று கேட்கப்பட்டதற்கு, அப்போதும் ஓங்க மாட்டேன், ஆனால் தொரட்டியைக் கையை விட்டு விட மாட்டேன் என்று சொன்னேன்.

ஆணையிடுவது எங்கள் சபைக்கு ஆகாது, ஆம் என்றால் ஆம் என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பதால் சத்தியம் செய்யாமல் உறுதிமொழி மட்டும் கூறிச் சொல்லியிருக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நடந்தது இதுதான். ஆம் என்று நான் சொன்னதெல்லாம் ஆம்.

(ஒப்பம்) இசக்கிதுரை